அஸ்வெசும வாங்கச் சிறுநீர்ப் பரிசோதனையா?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், அகப்பட்டால் கொடுப்பனவை நிறுத்திவிட வேண்டும் என்று அந்த வாசகர் யோசனை சொல்லியிருந்தார். அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்களாம். மலையகத் தோட்டங்களில்தான் இதை முதலில் தொடங்க வேண்டுமாம். எங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் அந்தக் கடிதத்தை உரக்க வாசித்தார். பாதிப்பேர் கை தட்டினார்கள். தட்டியவர்களில் இரண்டு பேரிடம் அப்போதே சாராய வாடை வந்துகொண்டிருந்தது.

நான் தோட்டத்து மருத்துவிச்சியாக முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவள். சிறுநீர்ப் பரிசோதனை எனக்குப் புதிய சங்கதி இல்லை. கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, வெண்மையாகத் திரள்கிறதா என்று பார்த்த காலம் முதல் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். நீல நிறப் பெனடிக்ட் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறினால் சீனி இருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு நிறம் மாறும் தாள் பட்டிகள் வந்தன, வேலை சுலபமாகிவிட்டது. இத்தனை வருடங்களிலும் அந்தக் குழாயில் எதைக் கண்டாலும் அடுத்து நாங்கள் செய்த காரியம் ஒன்றுதான்: அந்தத் தாயைக் கவனிக்க ஆரம்பிப்போம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், உப்பைக் குறைக்கச் சொல்வோம், கங்காணியிடம் பேசி மலை ஏறாத வேலை கொடுக்கச் சொல்வோம். பரிசோதனையில் குற்றம் கண்டால் அவள் வீட்டு அரிசியை நிறுத்துவது என்ற வைத்தியத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த வாசகருடைய கோபம் பொய்யான கோபம் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்கும் உண்டு. தோட்டத்தில் குடி என்ன செய்கிறது என்பதை நான் நிறுவைத் தராசில் பார்த்தவள். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கும்போது, கோடு கீழே இறங்கும் வீட்டைத் தேடிப் போனால் பல சமயம் அங்கே கசிப்பு என்ற கள்ளச்சாராயப் போத்தல் இருக்கும். சம்பள நாள் இரவில் பிரசவ வலியோடு யாரும் வரக்கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். லொறி ஓட்டுபவரும் குடித்திருப்பார், கணவனும் குடித்திருப்பான், லயம் என்ற வரிசை வீடுகளில் தூக்குக்கட்டிலைத் தூக்க நிதானமான நான்கு ஆண்கள் கிடைக்கமாட்டார்கள். கடைசிக் காலத்தில் குடியோடு ஐஸ் என்ற போதைப்பொருளும் வந்து சேர்ந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்த வினை அது. கன்னம் ஒட்டி, தூக்கம் இல்லாமல், தாயின் தோடு வரைக்கும் கழற்றி விற்ற ஒரு பையன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் நான்தான். ஆகவே போதைப்பொருள் பிரச்சினையை நான் சிறிதாக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி அமெரிக்கா விஷயத்துக்கு வருகிறேன். அங்கே 1996ஆம் ஆண்டு ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட நலன்புரிச் சட்டம், உதவி பெறுபவர்களைப் பரிசோதிக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. அதை வைத்துப் புளோரிடா மாநிலம் 2011 ஜூலையில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, குடும்ப உதவிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் முதலில் சொந்தப் பணத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சுத்தமாக இருந்தால் அரசு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும். நான்கு மாதம்கூட அது ஓடவில்லை, நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதற்குள் 4,086 பேர் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். அகப்பட்டவர்கள் 108 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை, அவர்களிலும் பெரும்பாலோர் கஞ்சா பாவித்தவர்கள். மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பரிசோதனைச் செலவு மட்டும் 118,140 டொலர். உதவியை மறுத்ததில் மிச்சமான பணத்தைவிட அது அதிகம். வழக்குப் போட்டவர் முன்னாள் கடற்படை வீரர், படித்துக்கொண்டே தனியாக மகனை வளர்த்துவந்தவர். 2013 டிசம்பர் கடைசி நாளில் மேரி ஸ்க்ரிவன் என்ற நீதிபதி, அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்த்தார். ஏழை என்பதற்காக ஒருவரைச் சந்தேகப்பட்டு அவருடைய உடம்பைச் சோதனை போட அரசுக்கு உரிமை இல்லை என்பதுதான் வழக்கின் சாரம். அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

அவுஸ்திரேலிய அரசாங்கமும் 2017இல் இதே யோசனையை எடுத்தது. மூன்று இடங்களில் புதிதாக உதவி கேட்கும் 5,000 பேரைச் சோதித்துப் பார்ப்பதாகத் திட்டம். வைத்தியர்கள் எதிர்த்தார்கள், செனட் சபை சம்மதிக்கவில்லை, பிறகு மீண்டும் கொண்டுவந்தும் நிறைவேறவில்லை. நமது வாசகர் எந்த அமெரிக்காவைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. அங்கே சில மாநிலங்கள் இன்றும் கேள்விப் படிவம் கொடுத்துச் சந்தேகப்படுபவர்களை மட்டும் சோதிக்கின்றன, அது உண்மைதான். ஆனால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்த மாநிலத்தின் கதை இதுதான்.

சரி, வெளிநாடு கிடக்கட்டும். எங்கள் பொகவந்தலாவைத் தோட்டங்களில் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

சிறுநீரில் எது எவ்வளவு காலம் நிற்கும் என்று இந்த யோசனை சொல்பவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. கஞ்சாவைத் தொடர்ந்து பாவிப்பவரின் சிறுநீரில் அதன் அடையாளம் வாரக்கணக்கில் இருக்கும். ஐஸும் ஹெரோயினும் இரண்டு மூன்று நாளில், மிஞ்சினால் நான்கு நாளில் மறைந்துவிடும். சாராயமும் கசிப்பும் சில மணித்தியாலங்களில் போய்விடும். வழக்கமான போதைப்பொருள் பரிசோதனைப் பட்டியில் மதுவுக்கு இடமே கிடையாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேதி சொல்லிக் கூப்பிட்டால், ஐஸ் அடிக்கும் பையன் அந்த வாரம் மட்டும் அடக்கிக்கொண்டு வந்து சுத்தமானவன் என்று சான்றிதழ் வாங்கிப் போவான். சனிக்கிழமை கசிப்புக் குடித்து மனைவியின் கையை முறித்தவன் திங்கட்கிழமை காலையில் நல்ல பிள்ளையாகத் தேறுவான். போன மாதம் முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த கஞ்சா பீடியை இழுத்த, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கிழவர் மாட்டிக்கொள்வார். கொடீன் கலந்த இருமல் பாணி குடித்தவருக்கும் அபின் வகை என்று காட்டலாம். சில தடிமன் மாத்திரைகள் ஐஸ் மாதிரி காட்டுவதும் உண்டு. அதனால்தான் முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் ஆய்வுகூடத்தில் இன்னொரு தடவை உறுதிசெய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இரத்தச் சோதனைக்கே ஹட்டன் அல்லது நுவரெலியாவுக்குப் போகிறோம். அந்த உறுதிச் சோதனை முடியும்வரை கொடுப்பனவு நிற்குமா, ஓடுமா? நிற்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டில் நிறுத்துவதற்கு ஒரு நாள் போதும், திரும்பத் தொடங்குவதற்கு எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பது மேல்முறையீட்டு மனுப் போட்டவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது முக்கியமானது. அஸ்வெசும யாருடைய பணம்? அது ஆளுக்குக் கொடுப்பது இல்லை, குடும்பத்துக்குக் கொடுப்பது. மிக வறிய குடும்பம் என்று தேறியவர்களுக்கு 2023இல் 15,000 ரூபாய் என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆக்கினார்கள். வறிய குடும்பத்துக்கு 8,500 இருந்து 10,000 ஆனது. பால்மா விலை ஏறி நிற்கும் காலத்தில் இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று அடுப்படியில் நிற்பவளைக் கேளுங்கள். கடையில் கொப்பியில் எழுதிய கடன், பிள்ளையின் சப்பாத்து, மண்ணெண்ணெய், கோதுமை மா. கொழுந்து குறைந்த மாதங்களில் அவளுக்கு நாள்தோறும் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். நோம் என்று ஒரு நாளைக்குப் பறிக்கச் சொல்லும் அளவில் கிலோ இரண்டு குறைந்தாலும் பாதிச் சம்பளம், அது தோட்டத்து நியாயம். இப்போது புருஷனுடைய சிறுநீர் நோம் குறைந்ததற்கும் அவளுக்கு அரைப் பேர் போடச் சொல்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஒரு வீடு எனக்குத் தெரியும். கணவன் பத்து வருடமாகக் குடிக்கிறான், வேலைக்குப் பேர் கொடுப்பது குறைவு. மனைவி கொழுந்து பறிக்கிறாள், மாமியார் படுக்கையில், பிள்ளைகள் மூன்று. அஸ்வெசுமக் கணக்கு கணவன் பெயரில்தான் தொடங்கியது. வங்கி அட்டையை அவன் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு வருவான். அவள் எங்கெங்கோ ஏறி இறங்கி, ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் எழுதிய படிவத்தை நிரப்பத் தெரியாமல் திரும்பி, என்னிடம் வந்து, நான் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதிக் கொடுத்து, கடைசியில் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு இளைய பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறத் தொடங்கியது. கணவன் இன்னும் குடிக்கிறான். நமது வாசகரின் சட்டப்படி இந்த வீட்டுக்கு வருகிற பணத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவன் குடியை விடமாட்டான், அவளுடைய சம்பளத்தில் கை வைப்பான்.

புளோரிடாவில்கூட இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தாயோ தகப்பனோ பரிசோதனையில் தவறினால், பிள்ளைகளுக்கான உதவியை இன்னொரு பெரியவர் வாங்கிக்கொள்ளலாம். நமது வாசகரின் கடிதத்தில் அந்தக் கரிசனம்கூட இல்லை.

சோதனை எங்கே நடக்கும்? லயத்தில் ஆறேழு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்று இன்னும் இருக்கிற தோட்டங்கள் உண்டு. சிறுநீரை மாற்றிக் கொடுக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டுமாம், இதெல்லாம் அந்தச் சோதனையின் ஒழுங்கு. எங்கள் பெண்களின் பக்கத்தில் நிற்கப்போவது யார்? காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் கொண்டுவந்து மேசை போடுவார்களா? யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் எழுதுபவருக்கு எத்தனை பேர் கும்பிடு போட வேண்டியிருக்கும்? தோட்டத்தில் வாழாதவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. எங்களுக்குத் தோன்றும். எங்கள் தாத்தா பாட்டிமார் இலங்கைக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, உடம்பைச் சோதித்து, ஊசி குத்தி அனுப்பப்பட்டவர்கள். காலரா வருமென்று பயந்தார்கள், சரி. ஆனால் கப்பலில் மேல்தட்டில் வந்த துரைமாரை யாரும் அப்படி வைத்திருந்ததாக என் பாட்டி சொல்லவில்லை. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்த பிறகு, நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று காட்டப் பல தலைமுறை கடதாசி சுமந்தோம். அஸ்வெசுமவுக்கு முன்னிருந்த சமுர்த்தி உதவி வந்த பிறகும் தோட்ட மக்கள் மாதச் சம்பளக்காரர் என்று சொல்லிப் பல இடங்களில் ஒதுக்கிவைத்தார்கள். இப்போதுதான் அஸ்வெசும என்று ஒன்று கையில் விழுகிறது. அதற்குள் இந்த ஆலோசனை.

அஸ்வெசுமவுக்குத் தகுதி பார்க்க ஏற்கெனவே 22 குறிகாட்டிகள் இருக்கின்றன. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, குடும்ப அமைப்பு என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். மின்சாரக் கட்டணமும் பார்க்கிறார்கள். ஒரு மீட்டரில் இரண்டு வீடு வெளிச்சம் எடுக்கும் லயத்தில் அதனால் தகுதி இழந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் வறுமையில் இருப்பவர்கள் பலர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். முதலில் அந்த 22 ஐச் சரிசெய்யட்டும். 23ஆவதாகச் சிறுநீர் வேண்டாம்.

சிகிச்சைக்கு வழிசெய்துவிட்டுச் சோதனை பற்றிப் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பேன். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நடத்தும் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, நிட்டம்புவ, கண்டி ஆகிய இடங்களில் இருக்கின்றன. எங்களுக்குக் கிட்ட இருப்பது கண்டி. ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ், போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். அங்கே போய்ச் சேர்ந்தாலும், தன் மகனைப் பற்றி ஒரு தாய் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் அது தமிழில்தான் முடியும். தோட்டங்களில் தமிழ் பேசும் ஆலோசகர்கள் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள்? நான் வேலை செய்த காலத்தில் ஒரு தடவை பெரிய பதாகை கட்டி, பாடசாலைப் பிள்ளைகளை ஊர்வலம் நடத்தி, பிஸ்கட்டும் குளிர்பானமும் கொடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு யாரையும் காணவில்லை. கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தின் பெயரைக் கேட்டாலே தாய்மார் மகனை ஒளித்துவைக்கிறார்கள். நான் பிரசவம் பார்த்த அந்தப் பையன் விடயத்திலும் அதுதான் நடந்தது. தகப்பன் அவனைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகத் தயாராக இருந்தார், பொலிஸில் பெயர் பதிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் தாய் விடவில்லை. இப்போது உதவிப் பணமும் நின்றுவிடும் என்று ஒரு சட்டம் வந்தால், எந்தத் தாய் வாயைத் திறந்து "என் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று மருத்துவிச்சியிடம் சொல்லப்போகிறாள்? இவ்வளவு காலமும் எங்களுக்கு இருந்த ஒரே ஆயுதம், வீட்டுக்குள் போனால் உண்மையைச் சொல்வார்கள் என்பதுதான். அதையும் பிடுங்கிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே மதுக்கடை இருக்கிறது. அரசாங்க அனுமதிப் பத்திரத்தோடு, வரி கட்டி நடக்கிறது. கொடுப்பனவு வரும் நாளில் அங்கே கூட்டம் எப்படி என்று போய்ப் பாருங்கள். கொடுத்த பணத்தில் ஒரு பங்கை அன்று மாலையே அரசாங்கம் மது வரியாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. குடிப்பவனைத் தண்டிக்கத் தயாராக இருப்பவர்கள், தோட்டத்துக்குப் பக்கத்தில் புதிய அனுமதிப் பத்திரம் கொடுக்காதே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கசிப்புக் காய்ச்சும் இடம் எதுவென்று எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரியவேண்டியவர்களுக்கு மட்டும் தெரிவதில்லை.

நான் கேட்பவை பெரிய செலவுள்ள காரியங்கள் இல்லை. அஸ்வெசுமக் கணக்கை முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் பெயரில் தொடங்குங்கள். மாற்றக் கேட்டு வந்தால் ஒரே நாளில் மாற்றிக் கொடுங்கள். படிவத்தைத் தமிழில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைத் தோட்ட மருந்தகத்துக்கு அனுப்புங்கள். பின்னேரத்தில் அனுப்புங்கள், கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்கு வசதியாக இருக்கும். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் பாய் விரித்துக் கொடுத்தால் போதும், கட்டடம் ஒன்றும் தேவையில்லை.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. இடம் போதாவிட்டால் புளோரிடாவையும் அவுஸ்திரேலியாவையும் தாராளமாக வெட்டிவிடுங்கள். ஆனால் போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை கேட்க, மேலே சொன்ன சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். எங்கள் கீழ்கணக்கு லயத்தில் தங்கள் பத்திரிகையைக் கடையில் சாமான் சுற்றிவந்த தாளாகத்தான் பலர் வாசிக்கிறார்கள், அதனால் பக்கத்தின் ஓரத்தில் போடாமல் நடுவில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவிச்சி,
பொகவந்தலாவை.
(பெயரும் விலாசமும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், பிரசுரிக்க வேண்டாம்.)